ஏழு வாளியும் ஒரு நாயும்

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த விடுமுறைக் கேம்ப் தொடங்கிய காலையில் நான் யாரோடும் வாதாடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஏழு வாளிகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். முதல் வாளியில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டுக் கலக்கினேன்.

கேம்ப் நடப்பது கல்முனைக்கு மேற்கே, வயல் தொடங்குகிற ஓரத்தில் உள்ள சின்ன மிருகக்காட்சிச்சாலையில். யாருக்கும் இலாபம் சேர்க்காத இடம். பஸ்ஸில் அடிபட்டது, வலையில் சிக்கியது, வளர்த்தவருக்கு அலுத்துப்போனது என்று வந்து சேர்ந்த மிருகங்கள்தான் அங்கே. இறக்கை முறிந்த ஒரு மயில், மூன்று குரங்குகள், ஆமைகள், அந்த இடமே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு திரிகிற, உடும்பைப் போலப் பெரிய ஒரு கபரகொய்யா. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். புத்தகத்தில் படமாகப் பார்த்ததைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் மூன்று நாள் கேம்ப் வைக்கிறேன். ஆண் பிள்ளைகள் அழைக்காமலே வருவார்கள். பெண் பிள்ளைகளுக்காக நான் வீடு வீடாகப் போய்க் கேட்கவேண்டும். போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தத் தடவை ஒரு பெட்டை நாய் வந்திருந்தது. பின்னங்கால் நசுங்கி, புண்ணில் புழு வைத்திருந்தது. தினமும் குளிப்பாட்டி மருந்து கட்டவேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாயைக் கண்டால் முதலில் கல்லைத்தான் தேடுவார்கள். நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். எங்கள் இஸ்லாம் மார்க்கம் கேட்பது அவ்வளவுதான். கழுவு என்கிறது; கல்லால் அடி என்று எங்கே சொல்கிறது? தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்து, அதனாலேயே பாவம் மன்னிக்கப்பட்டவரின் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கல்லை எடுக்கிறார்கள். அதனால் வாளியை வைத்தேன்.

முதல் நாள் நாய்க்குக் கிட்டப் போனவள் ஒருத்திதான். பதினொரு வயது. மற்றப் பிள்ளைகள் கம்பி வேலிக்கு அப்பால் நின்று கூச்சல் போட, இவள் நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மருந்து பட்டு நாய் முனகியபோது அவளுடைய கண்ணும் கலங்கியது; கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு வாளி வாளியாகக் கழுவினாள். மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். இரண்டாம் நாள் அந்த வரிசையில் நிற்க ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள்.

அன்று நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால், முதலில் நாயைத் தொட்ட அந்தப் பிள்ளையின் வாப்பா வந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர், பள்ளிவாசல் நிருவாகத்திலும் இருக்கிறவர். பிள்ளைகள் கழுவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இந்த மண் எங்க அள்ளின?"

நான் பெருமையோடு நாய்க்கூட்டுக்குப் பின்னால் இருந்த மண் குவியலைக் கைநீட்டிக் காட்டினேன். அப்போதுதான் குளித்த நாய், நொண்டிக்கொண்டு போய் அந்தக் குவியலில் ஏறி, நாலு கால்களையும் மேலே தூக்கி ஆனந்தமாகப் புரண்டுகொண்டிருந்தது.

"மண்ணும் மணலும் வித்துத் திங்கிறவன் நான். எனக்கே மண் காட்டுறீங்களா?" என்றார் அவர். "நாய் பொரண்ட மண்ணால கழுவினா சுத்தமாகுமா? இந்தப் புள்ளையள் நேத்துத் தொழுத தொழுகையெல்லாம் என்னத்துக்கு? இண்டையோட இந்தக் கேம்ப நிப்பாட்டுங்க. இல்லாட்டி நாங்க பள்ளியில கதைச்சு நிப்பாட்டுவம்."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், மாதிரி எடுத்த இடத்தையே பார்க்காமல் விட்டிருக்கிறேன். கேம்ப் நின்றால் அந்த நாயோடு நிற்காது. அடுத்த விடுமுறைக்கு ஒரு பெண் பிள்ளையையும் அனுப்பமாட்டார்கள். அதற்கு ஊர் ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தது. நானே இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு வராது. என் வளவில் மதிலோரத்தில் சுத்தமான மண்ணைத் தோண்டி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் நிரப்பி, ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை, பிள்ளைகளின் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டுத்தான்.

"உங்கட புள்ள கழுவின மண் சரியில்ல. என்ட பிழை. இந்தாங்க நல்ல மண், திரும்ப ஏழு தரம் கழுவச் சொல்லுங்க. தொழுததையும் திரும்பத் தொழட்டும். நாளைக்கு எட்டு மணிக்குக் கேம்ப் இரிக்கி."

ஒரு தாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வீட்டில் டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மன்னிப்புக் கேட்கும்போது தலையைக் குனிந்தேன். கடைசி வசனத்தைச் சொல்லும்போது நிமிர்ந்தேன். கேட்டது பிழைக்கு மன்னிப்பு, கேம்புக்கு அல்ல.

ஹார்ட்வெயார்க்காரரின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயத்தில்தான். அவர் டப்பாவைத் திறந்து, மண்ணை விரலால் நசுக்கி, மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு முற்றத்துக் குழாயடியில் நிறுத்தினார். மண்ணைக் கரைத்தவரும் அவர்தான், ஊற்றியவரும் அவர்தான், எண்ணியவரும் அவர்தான். முழங்கைவரை ஒரு இடம் விடவில்லை. ஏழாவது தரம் முடிந்ததும் குழாயைப் பூட்டினார்.

"இனி அந்த நாயத் தொடமாட்டாய்தானே?"

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தொட்டா கழுவுவன், வாப்பா."

"ஏழு தரமும்?"

"ஓம், ஏழு தரமும். மண் எங்கட ஊட்ட இரிந்து கொண்டுபோறன். டீச்சருக்கு மண் தெரியா."

அவர் என்னைப் பார்த்தார். காலி டப்பாவை எடுத்து ஸ்கூட்டியில் மாட்டினேன். ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சில பிள்ளைகள் வரவில்லை. எட்டு மணிக்கு முதல் ஆளாகக் கேட்டில் நின்றவள் அவள்தான். கையில் சீமெந்துப் பையை வெட்டிச் செய்த ஒரு சின்னப் பொதி, உள்ளே மண். நான் அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. பிள்ளை போட்ட முடிச்சல்ல அது. நாள் முழுக்கப் பொதி கட்டுகிற கடைக்காரரின் முடிச்சு.