வல்லைவெளியில் போட்ட கோப்பி

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, வண்டியோட்டிய மாமா, நான். இழுத்தவை இரண்டு மாடுகள். என்னைப் பெற்ற ஐயா எங்களை விட்டுப் போய்க் கொஞ்சக் காலம். பெற்றோலைக் கண்ணில் காண முடியாத நாட்கள், ஆகையால் கோப்பாயிலிருந்து வடமராட்சிக் கோயிலுக்கு மாட்டுவண்டிதான்.

கோயில் என்பது எனக்குச் சொன்ன கதை. வழியில் வல்லைவெளி என்ற வெட்டவெளி தொடங்கும் இடத்து மரத்தடியில் ஒரு மாப்பிள்ளையும் தாயும் தற்செயலாக வந்ததுபோல் இளைப்பாறுவார்கள், சின்னம்மா கோப்பி போட்டுக் கொடுப்பார், பிடித்தால் சம்பந்தம். இதுதான் ஏற்பாடு.

"சீதனமா வீட்டையும் வளவுக் காணியையும் முழுக்கக் கேக்கினம். குடுப்பம்" என்றார் அம்மா. "நானும் பிள்ளையும் எங்கையாவது ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருப்பம்."

சின்னம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் அப்போதே பயந்த பிறவி. கொட்டில் ஒழுகுமோ, பாம்பு வருமோ என்று வழி நெடுகக் கவலைப்பட்டேன்.

வல்லைவெளியில் காற்றென்றால் அப்படியொரு காற்று. மாமா வண்டியைக் குறுக்காக விட்டு, சாக்கைக் கட்டி மறைப்புச் செய்தார். அங்கத்தைய கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் என்பதால் கோப்பிக்கென்றே அம்மா எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கானில் கொண்டுவந்திருந்தார். அதைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவரும் மாமாவும் றோட்டுப் பக்கம் ஆட்களைப் பார்க்கப் போனார்கள்.

சின்னம்மா கிணற்றில் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் வைத்தார். துப்பினார். பிறகு கானிலிருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் வாளியில் ஊற்றி மாடுகளுக்கு வைத்தார்.

"பாவங்கள், களைச்சுப் போச்சுதுகள்."

"சின்னம்மா, அப்ப கோப்பிக்கு?"

"நீ சும்மா இரு, ராசாத்தி."

கேத்திலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மூன்று கல்லில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் துள்ளிக் கொதிக்கும் வரை பொறுத்து, மல்லி சேர்த்து இடித்த தூளைப் போட்டு, உடனே இறக்கி மூடி, மண்டி அடியில் இறங்கக் குளிர்தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார். வாசம் காற்றையும் மீறி எழும்பியது. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அம்மாவும் மாமாவும் திரும்பிவர, மாப்பிள்ளையும் தாயும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தாய்க்காரி பனங்கட்டியைக் கடித்து ஒரு முறடு குடித்தார். முகம் கோணியது.

"என்ன பிள்ளை, கடலை அள்ளிக் காய்ச்சினனியோ?"

"இஞ்சத்தைக் காத்திலையே உப்புத்தானே அக்கா" என்று மாமா சிரித்துச் சமாளித்தார்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "சூடு நல்லாயிருக்கு" என்றார்.

தாய்க்காரி கோப்பிப் பேணியை மண்ணில் வைத்தார். "முதல் வாயிலையே உப்பு. சகுனம் சரியில்லை. வெளிக்கிடு தம்பி."

சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் அம்மா அழத் தொடங்கினார். கோயிலுக்கும் போகாமல் மாமா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். சின்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார். தோள்கள் குலுங்கின. எனக்குத் தாங்கவில்லை. தவழ்ந்து போய் அவர் காதுக்குள் சொன்னேன்.

"அழாதேங்கோ சின்னம்மா. அடுத்த மாப்பிள்ளைக்கு நல்ல கோப்பி போட்டுக் குடுப்பம்."

அவர் என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார். தோள்கள் முன்னையிலும் கூடக் குலுங்கின. நான் எதையோ சொல்லி அவரை இன்னும் அழவைத்துவிட்டேனே என்று பயந்து, கோப்பாய் வரும் வரை வாயைத் திறக்கவில்லை.