கல்லறைப் பக்கத்தில் தடுப்பூசி அட்டவணை

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் கழுத்துப்பட்டை கட்டிய எவனும் டாக்டர்தான். காய்ச்சலுக்கு மாத்திரை சொல்லத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்படியொரு டாக்டராகத்தான் க்ளோவிஸ் பிட்டென்கூர், புதிய மேயர் பதவியேற்ற மாதம், மாநிலத் தலைநகரான குரிடிபாவிலிருந்து வந்து இறங்கினார். பதவி: நவீனமயமாக்கல் செயலாளர். பார்ரா தோ சோகோ என்ற எங்கள் ஊரும், எதிரே விரிகுடாவில் சிதறிக் கிடக்கும் பதினான்கு தீவுகளும் நவீனமாக வேண்டும் என்று யார் அழுதார்களோ, எனக்குத் தெரியாது. வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுப்பவன் நான். என்னிடம் யாரும் அப்படி அழவில்லை.

வந்த வாரமே அவர் கை வைத்தது ஜெனில்டா மென்தோன்சாவின் வேலையில். நான் சொல்ல வந்தது ஜெனில்டாவைப் பற்றித்தான்.

ஜெனில்டா தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தவள்; ஊரில் மரியாதையாக தோனா ஜெனில்டா, அதாவது ஜெனில்டா அம்மா. தட்டச்சுப் பொறிகளை மூட்டை கட்டிய காலத்தில், ஏதோ ஒரு வங்கி கழித்துக் கட்டிய கணினியைக் கொண்டுவந்து கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் வைத்து, "இனிமே அறிவிப்பெல்லாம் இன்டர்நெட்ல போகணும், நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படி என்று எவனும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவன் எவனும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

முதலில் அவள் வலைப்பக்கக் குறிகளைக் கையாலேயே அடித்துப் பார்த்தாள். ஒரு கோண அடைப்பு விட்டுப் போனால், தண்ணீர் வராத நாள் பற்றிய அறிவிப்பு பாதியில் காணாமல் போகும். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இனாமாக விட்டிருந்த சிறிய நிரல் ஒன்று அவள் கண்ணில் பட்டது. அதற்கு வேண்டியது சாதாரண எழுத்துக் கோப்பு. தலைப்பின் இரு பக்கமும் சமக்குறி போட வேண்டும். பட்டியலுக்கு வரித் தொடக்கத்தில் ஒரு சிறு கோடு. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம். அவ்வளவுதான். ஒரு கட்டளை கொடுத்தால் அந்தக் கோப்பு வலைப்பக்கமாகிவிடும். மனிதன் எழுதுகிற மாதிரி எழுதலாம். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

பதினான்கு வருடம் அவள் அப்படித்தான் எழுதினாள். எந்தத் தீவுக்கு எந்தக் கிழமை மருத்துவர் வருகிறார், எரிவாயு உருளைப் படகு எப்போது, கடலில் ஓதம் ஏறுவது இறங்குவது எத்தனை மணிக்கு, பள்ளிக்கு என்று விடுமுறை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, கீழே தேதி. அழகா என்று கேட்டால் இல்லை. ஆனால் தீவுகளில் படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்று போனை உயர்த்திப் பிடித்தால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். அந்த ஒரு கோட்டிலும் அவள் பக்கம் திறந்தது. கை வலிக்கும் முன்னே படித்து முடித்துவிடலாம்.

க்ளோவிஸ் அதைத் தன் பெரிய திரையில் திறந்து பார்த்தார். நான் காபி கொண்டுபோய் வைத்த நேரம்.

"இது என்ன தோனா ஜெனில்டா, லாண்டரிக் கடை ரசீது மாதிரி இருக்கு?"

"ரசீதுதான் டாக்டர். எல்லாரும் படிக்கிறாங்க."

"படிக்கிறது முக்கியமில்ல. அனுபவம்தான் முக்கியம்."

"படகு எப்ப வரும்னு தெரிஞ்சுக்கிறதுல என்ன அனுபவம் டாக்டர்?"

அவர் சிரித்தார். பதில் தெரியாதபோது சிரிக்கும் பயிற்சியை எங்கோ எடுத்திருக்கிறார் போல. அடுத்த மாதம் ஒரு நிறுவனம் வந்தது, போர்டல் என்று ஒரு புது இணையதளம் வந்தது. திறந்தால் முதலில் மேயரின் பல்வரிசை திரை முழுக்க விரியும். பிறகு சிவப்பு அரிவாள்மூக்கன் கூட்டம் ஒன்று இடமிருந்து வலமாகப் பறக்கும். பறந்து முடித்த பிறகு எட்டுப் பொத்தான்கள். மருத்துவர் வரும் நாள் ஐந்தாவது பொத்தானுக்குள் மூன்றாவது படத்துக்குள் இருந்தது. தொடக்க விழாவில் கொஷின்யா என்ற கோழிப் பலகாரமும் குவரனா பானமும் கொடுத்தார்கள். நானும் தின்றுவிட்டுக் கை தட்டினேன். தட்டாதவள் ஜெனில்டா ஒருத்திதான்.

அதற்குப் பரிசாக அவளைக் கல்லறைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே ஜன்னல். எந்தக் குழி எந்தக் குடும்பத்துடையது என்ற பதிவேடுதான் வேலை. அவள் முனகவில்லை. பதிவேட்டை எழுத்துக் கோப்பாக அடித்து, வரிசை எண்ணோடும் பெயரோடும் வலைப்பக்கமாக்கி, பழைய முகவரியிலேயே ஏற்றினாள். அந்த ஒரு மூலையை மட்டும் புதிய நிறுவனம் தொடாமல் விட்டிருந்தது. செத்தவர்களுக்கு அனுபவம் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கோடையில் கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் வந்தது. மலைக்காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மனிதர்களைப் பற்றியும் செய்தி வந்தது. மாநிலத்திலிருந்து தடுப்பூசி வந்து இறங்கியது. எந்தத் தீவுக்கு எந்த நாள் ஊசிப் படகு போகும் என்ற அட்டவணையைக் க்ளோவிஸ் போர்டலில் போட்டார். எழுத்தாக இல்லை. சுவரொட்டியாக. மேலே மேயர், கீழே மேயரின் மனைவி, நடுவில் கொசு ஒன்று. கொசுவின் இறக்கைக்குக் கீழே எறும்பளவு எழுத்தில் தேதிகள்.

முதல் நாள் படகு மூன்று தீவுகளுக்குப் போனது. மூன்று துறைகளிலும் நாய்தான் நின்றது. ஆண்கள் கடலில், பெண்கள் சிப்பி பொறுக்கச் சதுப்புக் காட்டில். செவிலிகள் ஐஸ் பெட்டியைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அன்று மாலை க்ளோவிஸ் வானொலியில் பேசினார்: தீவு மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லையாம்.

அடுத்த நாள் காலை நிவால்டோ என் மேசை முன்னால் வந்து நின்றான். சிப்பிப் படகு ஓட்டுகிறவன். இடுப்பு வரை சேறு.

"யாருக்குடா விழிப்பில்ல? நாலு மணிக்கே எந்திரிக்கிறவன் நானு. உங்க டாக்டர் எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?"

"போர்டல்ல போட்டிருந்தாங்களே நிவால்டோ" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"போர்டலா? என் பொண்டாட்டி அதைத் திறந்து வச்சுட்டு மீன் கழுவினா, வறுத்தா, நாங்க தின்னும் முடிச்சோம். அப்பவும் அந்தப் பறவை பாதி வானத்துலதான் இருந்துச்சு. எங்க தோனா ஜெனில்டா எங்க?"

சந்தைப் பக்கம் கை காட்டினேன். கூடவே நடந்தும் போனேன். வேடிக்கை பார்க்கும் ஆசைதான், வேறு ஒன்றும் இல்லை.

ஜெனில்டா அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள். சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு அட்டவணையை வாயால் சொல்லச் சொல்லி, கேட்கக் கேட்க அடித்தாள். தீவின் பெயருக்கு இரு பக்கமும் சமக்குறி. அதன் கீழே சிறு கோடு, நாள், மணி, எந்தத் துறை. "குழந்தைகளையும் கூட்டி வரவும்" என்ற வரிக்கு மட்டும் நட்சத்திரம். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"எங்க போடப் போறீங்க?" என்று கேட்டேன். "உங்ககிட்டதான் பக்கமே இல்லியே."

"ஏன், இது பக்கம் இல்லியா?"

குழிகளின் பட்டியலுக்கு மேலே, கல்லறைப் பக்கத்தின் உச்சியிலேயே ஏற்றிவிட்டாள்.

நிவால்டோ தன் போனில் திறந்தான். உடனே வந்தது. மேலே தடுப்பூசி, கீழே அவன் மாமனாரின் குழி எண். ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான்.

"சரியாத்தான் இருக்கு தோனா. மேல இருக்கிறதப் படிக்காதவன் பேரு கீழ வந்துரும்!"

படகுக்குப் போனதும் வானொலிக் கருவியில் இதையேதான் எல்லாப் படகுக்கும் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் விரிகுடா முழுக்க அது பரவிவிட்டது. "கல்லறையப் பாத்தியா?" என்றுதான் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்களாம். அடுத்த சுற்றில் துறைகளில் வரிசை நின்றது. ஐஸ் பெட்டிகள் காலியாகத் திரும்பின. ஒரு தீவில் மருந்து போதாமல் மறுநாளும் படகு போக வேண்டியதாயிற்று.

க்ளோவிஸ் மறுபடி வானொலிக்குப் போய், போர்டலின் வெற்றி என்று பேசினார். பேட்டி எடுத்தவள் தீவுக்காரி. "டாக்டர், மக்கள் கல்லறைப் பக்கத்துல பாத்ததா சொல்றாங்களே?" என்று நேரலையிலேயே கேட்டுவிட்டாள். அந்த மனிதருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே அந்த நொடியில்தான் தெரியும். பயிற்சி எடுத்த சிரிப்பும் வரவில்லை.

அந்த வாரமே விசாரணை. க்ளோவிஸ், சட்ட அலுவலர், குறிப்பெழுத நான்.

"யார் அனுமதி குடுத்தா?"

"யாரும் குடுக்கல டாக்டர். நான் கேக்கவும் இல்ல."

"தடுப்பூசிய கல்லறைப் பக்கத்துல போடறது நகராட்சிக்கு எவ்ளோ கேவலம்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க வேற பக்கம் எதுவும் எனக்கு விட்டு வைக்கல."

சட்ட அலுவலர் பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அதுல ஒரு படம் இல்ல. நகராட்சிச் சின்னம்கூட இல்ல!"

"படிக்க முடிஞ்சுதா டாக்டர்?"

"அது இங்க கேள்வி இல்ல."

"தீவுல அது ஒண்ணுதான் கேள்வி."

க்ளோவிஸ் என் பக்கம் திரும்பினார். "ஒஸ்மார், போர்டல் திறக்கலைன்னு உங்களுக்கு எப்பவாவது புகார் வந்துதா?"

வராத நாள் உண்டா? காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் சாத்தும் வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியிருந்தது. "ஞாபகம் இல்ல டாக்டர்" என்றேன். ஜெனில்டா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. க்ளோவிஸைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதுகிற எனக்கு அன்று வாய் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆள் வெறும் முட்டாள். நான் தெரிந்தே பொய் சொன்னவன். இரண்டில் எது மட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. ஆணை எண், ஐந்து குற்றச்சாட்டுகள், "தொழில்நுட்பத் தகுதியற்ற முறையில்" என்று ஒரு வரி, கடைசியில் எங்கள் ஊர் ஆணைகள் எல்லாவற்றிலும் வருகிற இரண்டு சொற்கள்: வெளியிடுக, நிறைவேற்றுக. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போன சொற்கள் அவை. ஜெனில்டா அவற்றைப் படித்தாள்.

"வெளியிடச் சொல்லியிருக்காங்க. ஆணைய மீறலாமா?"

அப்படியே அடித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆணை எண்ணுக்கு இரு பக்கமும் சமக்குறி, குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் சிறு கோடு, கையெழுத்திட்ட டாக்டர் பெயருக்கு நட்சத்திரம். கல்லறைப் பக்கத்தில் ஏற்றினாள். விரிகுடா முழுக்க ஒரே மூச்சில் படித்தது. தங்களுக்கு ஊசி நாளைச் சொன்னதற்காக ஒரு பெண்ணைத் தண்டித்திருக்கிறார்கள் என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. குற்றச்சாட்டுகளே தெளிவாக விளக்கின. அதன் பிறகு க்ளோவிஸ் எந்தத் துறையில் இறங்கினாலும் "வாங்க டாக்டர், எத்தனாம் நம்பர் குழி?" என்று ஒரு குரல் வரும். யார் என்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.

எச்சரிக்கையை மேயர் ரத்து செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அவ்வளவு நல்ல ஊரில் நாங்கள் வாழவில்லை. க்ளோவிஸ் அடுத்த தேர்தலுக்கு முன்பே வேறொரு நகராட்சியை நவீனமாக்கப் போய்விட்டார். போன இடத்திலும் டாக்டர்தான். நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்ததும் போர்டலில் மேயரின் பற்கள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் வந்தது. புதிய நிர்வாகம் ஜெனில்டாவைப் பழைய அறைக்கு அழைக்கவும் இல்லை. அவள் கல்லறைப் பிரிவிலிருந்தே ஓய்வு பெற்று, எதிர்த் தீவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனாள். படகு நேரங்கள் இன்றும் குழிகளுக்கு மேலேதான் இருக்கின்றன. சுகாதார நிலையத்துச் செவிலி ஒருத்தி அவற்றைத் திருத்துகிறாள்.

சென்ற மாதம் ஜெனில்டா போன் செய்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் என்னிடம் வேலைக்கு வெளியே பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒஸ்மார், பென்ஷனுக்குப் பணிச் சான்று வேணும். ஏதோ புது போர்டல்ல பதிவு பண்ணி, போன்ல முகத்தக் காட்டி, கண்ணச் சிமிட்டணுமாம். பத்து நாளா சிமிட்டறேன்."

நான் அலமாரியிலிருந்து அவள் கோப்பை எடுத்தேன். சான்றைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, உணவு இடைவேளையில் படகேறினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அவள் வாசலில் தைன்யா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, கடைசி வரி வரை படித்தாள்.

"நீயே கொண்டு வந்தியா?"

"ஆமா."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்றாள். இல்லை என்றேன். அடுத்த படகு நான்கு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டு, இன்னொரு மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள்.