வாத்துக் குழம்புக்கு மூன்று நிமிடம்

கடையில் புது ரப்பர் பூட்ஸின் வாடை மூக்கில் ஏறியதும், இன்று பார்க்கிங் லாட்டாகிவிட்ட எங்கள் ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டின் சமையலறைக்குப் போய்விட்டேன். எண்பதுகளில், விசாவுக்காக அம்மா மெட்ராஸில் காத்திருக்க, கழிமுகத்தில் வாத்து சுடப் போவதற்கு அப்பாவும் நானும் வெள்ளிதோறும் மாலையில் திட்டம் போடுவோம். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எப்போது ஏறும் என்று அலை அட்டவணையில் அப்பா பென்சிலால் குறிக்க, நான் வாத்துகளைக் குரல் கொடுத்து அழைக்கும் ஊதலைச் சளி பிடித்த ஆடு மாதிரி ஊதிப் பழகுவேன்.

வாத்து பறப்பது விடியலில். ஞாயிறு விடிந்தால் சர்ச். சனி விடிந்தால் அம்மாவின் மூன்று நிமிட டிரங்க் கால். அதனால் ஒருமுறைகூடப் போனதில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்: "வெளிய எங்கயாவது போறீங்களா, இல்ல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறீங்களா?"

"இந்த வாரம்கூட வாத்து சுடப் போனோமே! ரெண்டு அடிச்சேன்," என்றார் அப்பா, கூசாமல்.

"ஐயோ, உங்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியாதே!"

மிச்ச நேரம் முழுக்க அம்மா மிளகு, தேங்காய்ப்பால் என்று சொல்லச் சொல்ல, அப்பா எழுதிக்கொண்டார். என்னிடம் பேசுவதற்குள் லைன் போய்விட்டது.

மதியம் அம்மா சொன்னபடியே குழம்பு வைத்து, முட்டை அவித்துப் போட்டுச் சாப்பிட்டோம்.