பெர்கனுக்கு ஒரு மழைக்கோட்டு

யஸ்னா பிறந்து வளர்ந்த, சிலி நாட்டின் பாலைவன ஊரான ஆல்ட்டோ ஓஸ்பீசியோவில் மழை என்பது டிவியில் பார்க்கிற விஷயம். பாதி வீடுகளுக்கு ஒழுங்கான கூரை கிடையாது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. அந்த ஊர்ப் பெண்ணுக்கு, எப்போது பார்த்தாலும் மழை கொட்டுகிற பெர்கன் நகரத்தில், நார்வேயின் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி கிடைத்துவிட்டது.

சேதி வந்த அன்றே பெட்டியைத் திறந்துவிட்டாள். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, துணிச் செருப்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் திணித்தாள். அம்மா எர்சிலியா பூப்போட்ட குடை ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து மேலே வைத்தாள்.

பெர்கனில் அவளோடு தங்கப்போகும் சோல்வெய்க் வீடியோவில் பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"குடையா? எங்க ஊர்க் காத்து அதைப் பிய்ச்சு எறிஞ்சிடும். ஜீன்ஸ் நனைஞ்சா லேசுல காயாது. கம்பளி எடுத்துக்கோ. தண்ணி இறங்காத கோட்டு வேணும், அதே மாதிரி பேன்ட்டும் வேணும்."

மறுநாளே யஸ்னா அப்பா நிபால்டோவை இழுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். வெளிநாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்த துணியெல்லாம் கப்பலேறி அங்கேதான் வந்து குவியும். கடைக்காரி எடெல்மிராவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"மழைக்கோட்டா? ஏய், எல்லாரும் இங்க வாங்கடி! மழைக்கோட்டு வாங்க ஒருத்தி வந்திருக்கா!" என்று சந்தையே கேட்கக் கத்தினாள். "மூட்டை மூட்டையா வருது, ஒருத்தரும் சீண்டுறதில்ல. அள்ளிக்கோ கண்ணு!"

மூன்று கோட்டுகள், ஒரு பேன்ட், கை நிறையக் கம்பளி ஸ்வெட்டர்களோடு வீடு திரும்பினார்கள். எது ஒழுகும், எது ஒழுகாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிபால்டோ வாளியோடு ஏணியில் ஏறினார். கீழே யஸ்னா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன நிபால்டோ, பொண்ணை எதுக்குய்யா குளிப்பாட்டுறே?" என்றார் எதிர்வீட்டு பிராவ்லியோ.

"நார்வே போறாள்ல? ஒத்திகை!"

முதல் கோட்டு தோள் தையலில் ஒழுகியது. முதுகில் தண்ணீர் இறங்கியதும் யஸ்னா வீல் என்று கத்தினாள். இரண்டாவதில் ஜிப்பு வழியாக உள்ளே புகுந்தது. மூன்றாவது மஞ்சள் கோட்டு. வாளி காலியானதும் அவள் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிருக்குப்பா! சட்டை காஞ்சே இருக்கு!"

அவள் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. பிராவ்லியோ தன் வீட்டிலிருந்தே ஒரு வாளி தூக்கி வந்தார். "நகருய்யா, நானும் ஒண்ணு ஊத்தறேன்!"

பெர்கனில் இறங்கிய அன்று மழை பக்கவாட்டில் அடித்தது. சோல்வெய்க் பஸ்ஸுக்கு ஓடினாள், யஸ்னா வரவில்லை. திரும்பிப் பார்த்தால், நடைபாதையில் குனிந்து நின்றுகொண்டிருக்கிறாள்.

"பஸ் போயிடுச்சு! அங்க என்னடி பாக்குறே?"

"தெருவுல இவ்வளவு தண்ணி ஓடுது சோல்வெய்க், ஒருத்தரும் பிடிச்சு வைக்கலையே!"

சோல்வெய்க் கோபப்படவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அவளும் பக்கத்தில் நின்று, ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.