கிரேன் ஞானத்தின் இரண்டு சாட்சிகள்

எங்கள் சபையில் மைக் என் பொறுப்பு. காலடிப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபவீடு அது. நூற்றிருபது நாற்காலி, நான்கு மின்விசிறி. அதில் ஒன்று ஓடாது. பதினாறு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் சாட்சி சொல்ல வருகிறவர்களின் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்து வருகிறேன். ஆகவே சாட்சிகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வயிற்றுவலி போனது, மகளுக்கு வரன் அமைந்தது, காணாமல் போன ஆதார் அட்டை பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது, எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும்: மனுஷனால் ஒன்றும் ஆகவில்லை, கர்த்தர் செய்தார். மாத்திரை கொடுத்த டாக்டர், வரன் பார்த்த அத்தை, பீரோவை நகர்த்திய மருமகன் யாரும் அதில் வரமாட்டார்கள். வந்தால் மகிமையைப் பங்கு போட்டதாகிவிடும். இது எங்கள் சபை வழக்கம். குறை சொல்ல நான் யார்? ஆனால் இந்த வழக்கம் ஒருவருடைய பிழைப்பைக் கொண்டுபோய் மூலையில் உட்கார வைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஞானத்துக்கு வயது ஐம்பத்தொன்று. எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். தரையிலிருந்து எழுபதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. காலுக்கு அடியிலும் கண்ணாடிதான். நாற்பது டன் பெட்டியை இரண்டு விரலால் நெம்புகோலைத் தள்ளித் தூக்கி, சாணளவு பிசகாமல் லாரி மேல் இறக்குவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. இல்லை என்று அவரே சொல்வார், நம்பாதீர்கள்.

கடல் காற்று அளவுக்கு மேல் வீசினால் யார்டில் அலாரம் அடிக்கும். அடித்ததும் எல்லா கிரேனும் நிற்க வேண்டும், ஓட்டுகிறவர்கள் கீழே இறங்கிவிட வேண்டும். கடவுளின் பலத்துக்கும் மனுஷ பலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வாலிபர் கூட்டத்தில் யாராவது கேட்டால் ஞானம் இதைத்தான் எடுத்து விடுவார். "நாப்பது டன்ன தூக்குறேன் நைனா. ஆனா கண்ணுக்குத் தெரியாத காத்து வந்துச்சுன்னா கம்னு படி எறங்கிக்கினு கீறேன். அவ்ளோதான் நம்ம பவரு."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்றுக்குப் பணிவது சுலபம். காற்று நம்மை நாற்காலி போடாமல் நிற்க வைப்பதில்லை, நாளைக்கு வா என்று சொல்வதில்லை. ஞானம் நிஜமாகப் பயந்தது சுப்புராஜுக்கு.

சுப்புராஜ் யார்டு தொழிலாளர் சங்கத்தின் தலைவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இடது முழங்காலில் தீராத வலி. ஷிப்டு மாற்ற வேண்டுமா, லீவு வேண்டுமா, மேஸ்திரியோடு தகராறா, எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். அவர் போனில் "நான் சுப்புராஜ் பேசுறேன்" என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

போன வருடம் யார்டுக்குள் போவதற்கான பாஸைப் புதுப்பிக்கும்போது போலீஸ் சான்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் எஸ். ஞானம் என்று தட்டியதும் கொருக்குப்பேட்டையில் நடந்த ஒரு அடிதடி வழக்கு வந்து நின்றது. அடித்தவன் வேறொரு எஸ். ஞானம். நம் ஞானம் வாழ்நாளில் கொசுவைத் தவிர வேறெதையும் அடித்ததில்லை. ஆனால் இனிஷியலும் பெயரும் ஒன்று, வயதும் ஏறத்தாழ ஒன்று. பாஸ் நின்றுபோனது. ஞானம் நேராக சுப்புராஜிடம் ஓடினார். சுப்புராஜ் அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு மூன்று நாள் காவல் நிலையத்துக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் காவல் நிலையக் கடிதம் ஒன்றோடு வந்தார். வழக்கு விவரம் சரிபார்க்கப்பட்டு வருகிறது, அதுவரை தடையில்லை என்று அதில் இருந்தது. அதை வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகப் பாஸ் கிடைத்தது.

அந்த வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் சிறப்புக் கூட்டம். அதற்காக வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். கட்டியது நான்தான். ஞானம் எழுந்து வந்து மைக் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு விரோதமா வாசல அடைச்சாங்க. நான் ஒரு மனுஷனாண்டயும் போவல. ஒருத்தன் காலையும் புடிக்கல. எந்த மனுஷனும் எனக்கு ஒண்ணும் செய்யல. என் கர்த்தர் ஒருத்தர்தான் வாசல தொறந்தாரு!" சபை முழுக்க அல்லேலூயா. எதிர்ப்புறம் டீக்கடை பெஞ்சில் சுப்புராஜ், முழங்காலை நீட்டிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதாக டீக்கடைக்காரர் பின்னால் சொன்னார்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, அதேபோல் இன்னொரு கடிதம் வாங்கித் தர வேண்டும் என்று ஞானம் சங்க அலுவலகத்துக்குப் போனார். நாலு பேர் முன்னால் சுப்புராஜ் கேட்டார்: "இன்னா ஞானம், இந்தப் பக்கம்? நீதான் மனுஷனாண்ட போவ மாட்டியே."

"அண்ணா, அது சாட்சி அண்ணா. சபையில அப்படித்தான் சொல்லுவாங்க."

"சொல்லு. யார் வேணான்னா? உங்க ஆளாண்டயே கையெழுத்து வாங்கிக்கினு வா. கேட்டுல காட்டு. வுடுவான்."

நாலு பேரும் சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கேட்டில் பாஸ் செல்லவில்லை.

ஞானம் பாஸ்டர் திருமலையிடம் போனார். இருபது வருடத்துக்கு முன் அதே பெயரோடு ஊழியத்துக்கு வந்து, யார் சொல்லியும் பெயரை மாற்றிக்கொள்ளாத மனிதர் அவர். இந்த விஷயத்திலும் அசையவில்லை. "பிரதர், கடவுளுக்குக் கொடுத்த மகிமைய திருப்பி வாங்கி மனுஷனுக்குக் கொடுக்காதீங்க. இது சோதனை. நில்லுங்க" என்றார். ஞானம் நின்றார். யார்டு வாசலுக்கு எதிரில், மதில் ஓரமாக, தினமும் காலை ஷிப்டு நேரத்துக்குப் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அவருடைய கிரேன் தெரியும். வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை டமார் டமார் என்று போடுகிறான் என்று என்னிடம் வந்து பொருமுவார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. குழாய் ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கலாம் என்று தோன்றாத நாளில்லை.

பத்தொன்பது நாள் இப்படிப் போனது. இருபதாம் நாள் பேசியது அவர் மனைவி சாண்ட்ரா. ராயபுரத்தில் பிறந்து கத்தோலிக்கக் கோயிலில் வளர்ந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவர். எங்கள் பாட்டெல்லாம் பாடுவார். ஆனால் சாட்சி நேரத்தில் மட்டும் பைக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்.

"நீ ஒரு மனுஷனாண்டயும் போவலன்னு மைக்ல சொன்னியே, அந்த மூணு நாளு அந்தாளு இன்னா பீச்சுக்கா போயிருந்தான்?"

"மகிமை கர்த்தருக்குத்தானே சாண்ட்ரா."

"மகிமைய அவருக்குக் குடு. பொய்ய எதுக்கு அவரு தலைல கட்டுற? எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு கீது. பொய் சொன்னா போயி முட்டி போட்டு, பொய் சொன்னேன்னு சொல்லணும். சாமி பேருல சொன்ன பொய்யா இருந்தாலும் அது பொய்தான்."

ஞானம் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சுப்புராஜ் வீட்டாண்டை போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு தபா சபைக்கு வாங்க என்று மட்டும் சொன்னாராம்.

சுப்புராஜ் வந்தார். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். சாட்சி நேரத்தில் ஞானம் எழுந்து வந்தார். நான் மைக்கை நீட்டினேன்.

"போன தபா நான் இங்க நின்னு பொய் சொன்னேன்" என்றார். "மனுஷனாண்ட போவலன்னு சொன்னேன். போனேன். சுப்புராஜ் அண்ணனாண்ட ஓடுனேன். அவரு எனக்காவ மூணு நாளு அலைஞ்சாரு. அத மறைச்சேன். அத சொல்லிட்டா கர்த்தரு சின்னவராயிடுவாருன்னு நெனச்சேன் போலகீது. அவரு அப்டி ஆவ மாட்டாரு. என்ன மன்னிச்சிருங்க." அவ்வளவுதான். ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் திருமலை தொண்டையைச் செருமிவிட்டு, நூற்றுப் பதினேழாம் பாட்டு என்றார்.

கூட்டம் முடிந்து ஞானம் வெளியே வந்தபோது சுப்புராஜ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. நான் வயரைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன்.

"வந்துட்டியே அண்ணா, நாளைக்கே ஆபீசாண்ட வந்து லெட்டர் வாங்கிக்கிறேன்" என்றார் ஞானம்.

"லெட்டரு இல்ல நைனா."

"இன்னா அண்ணா, இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. என்னாண்ட ஒண்ணும் இல்ல. யார்டு கைமாறி ஆறு மாசம் ஆவுது. புதுசா வந்தவன் சங்கத்து லெட்டர வாங்கறதே இல்ல. என் பேர சொன்னா போன வெக்கிறான். ஸ்டேஷன்லயும் என் பேச்சு எடுபடாது. இது வெளிய தெரிஞ்சா எவன் என்ன மதிப்பான்? அதான், நீ சாட்சி சொன்னத புடிச்சிக்கினு உன்ன தொரத்தி வுட்டேன்."

சுப்புராஜே மேலே சொன்னார்.

"அந்த மூணு நாளும் அப்டித்தான். ஸ்டேஷன் பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன். இன்னா ஏதுன்னு ஒருத்தன் கேக்கல. மூணாம் நாளு உள்ளேர்ந்து எவனோ எஸ். ஞானம் யாருன்னு கத்துனான். எழுந்து போனேன், கைல திணிச்சான். யாரு செஞ்சா, எதுக்கு செஞ்சான்னு மெய்யாலுமே எனக்குத் தெரியாது. நான் செஞ்சேன்னு எல்லாராண்டயும் சொல்லிக்கினேன். நீ சாமி செஞ்சதுன்னு சொல்லிக்கின."

நான் அதுவரை ஞானத்தை அவ்வளவு வெளிறிப் பார்த்ததில்லை. மதிலோரம் நின்ற நாட்களில்கூட அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அது கடவுள் மேல் உள்ள நம்பிக்கை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். எப்படியும் சுப்புராஜ் இறங்கி வருவார் என்ற நம்பிக்கையாகத்தான் அது இருந்திருக்கிறது.

மறுநாள் காலை இரண்டு பேரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அதற்கப்புறம் நடந்ததை எனக்குச் சொன்னவர் சுப்புராஜ். முதல் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் போலீஸ், நேற்றிலிருந்து இங்கேயே இருக்கிறீர்களே, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னார்கள். உள்ளே போய் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அடித்த ஞானத்தின் அப்பா பெயர் செல்வம். இந்த ஞானத்தின் அப்பா பெயர் சாமுவேல். "இதை யாரும் பார்க்கலையா?" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் திருத்தி அனுப்பினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சான்று கைக்கு வந்துவிட்டது. பாஸுக்கு இனி யாருடைய கடிதமும் தேவையில்லை.

வெளியே வந்ததும் ஞானம் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுப்புராஜ் முழங்காலை மடக்க முடியாமல் நின்றபடியே கேட்டார்.

"அதான் கெடச்சிடுச்சே, இன்னாத்துக்கு அழுவுற?"

"முப்பது வருசமா ஜெபம் பண்ணிக்கினு கீறேன் அண்ணா. உன்னாண்ட ஒண்ணும் இல்லன்னு நீ சொன்ன பாரு, அன்னிக்கு ராத்திரிதான் நான் மொத தடவ மெய்யாலுமே ஜெபம் பண்ணேன்."

சுப்புராஜ் அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். பிறகு, "நானும் அன்னிக்குத்தான்" என்றார்.