இட்லிக்குப் பிறகு ஒரு தைராய்டு மாத்திரை

என் கைப்பையின் பக்க அறையில் ஒரு கைக்குட்டை இருக்கிறது. வெள்ளைத் துணி, நீலக் கரை, ஒரு மூலையில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத மருந்துக் கறை. முகம் துடைக்க நான் அதை எடுத்ததே இல்லை. அது இடம் பிடிக்கிற கைக்குட்டை. கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ரயில் மாரிக்குப்பத்தில் புறப்படுகிறது. அங்கே ஏறுகிற பெண்கள், அடுத்தடுத்த நிலையங்களில் ஏறப்போகும் தோழிகளுக்காக இருக்கையில் கைக்குட்டையோ துப்பட்டாவோ சாப்பாட்டுப் பையோ போட்டு வைப்பார்கள். துணி கிடந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய சண்டைக்காரியாக இருந்தாலும் அதை நகர்த்திவிட்டு உட்கார மாட்டாள். முறைப்பாள், முணுமுணுப்பாள், பெங்களூர் வரை நின்றுகொண்டே வருவாள்.

எனக்காக அந்தக் கைக்குட்டையைப் போட்டு வைத்தவர் எங்கள் மருத்துவமனையின் ஐசியூ அக்கா. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸ், நான் டயாலிசிஸ் பிரிவு. அவர் மாரிக்குப்பத்தில் ஏறுவார், நான் சாம்பியன் ரீப்ஸில். நான் ஏறும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நீலக் கரை தெரியும். "வா பாப்பா, ஒக்காரு" என்று சொல்லி அதை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகள் பின்னால் போனதும் இருவரும் டிபன் டப்பாவைத் திறப்போம். அவருக்கு இட்லி, எனக்கும் பெரும்பாலும் இட்லி. சட்னியை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா கைப்பைக்குள் கையை விட்டு, அட்டையை வெளியே எடுக்காமலே ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். ஒருநாள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தைராய்டு மாத்திரை" என்றார். "ஓ, எனக்கும் தைராய்டுதான்கா" என்று சொல்லி, நானும் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். அதைப் போட்டு நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். நர்சிங் படிக்கிற பெண் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். நாங்களே எத்தனையோ நோயாளிகளை "சாப்ட்டுட்டு போட்டீங்களா? இன்னாம்மா நீங்க" என்று கடிந்துகொண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட இரண்டு நர்ஸுகள், வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டு, ஒருவருக்கொருவர் தைராய்டு என்று சொல்லிக்கொண்டு, வருடக்கணக்காக ஒரே பெஞ்சில் மாத்திரை விழுங்கினோம். அந்தப் பொய்யை ஒரு கம்பவுண்டர்கூட நம்பியிருக்க மாட்டார். நாங்கள் நம்புவதாக வைத்துக்கொண்டோம்.

என் மாத்திரை எதற்கென்று இப்போது சொல்லிவிடுகிறேன். பயத்துக்கு. கொரோனா முடிந்த பிறகு எனக்கு வந்த பயம் அது. டியூட்டி முடிந்து ரயிலில் உட்கார்ந்த பிறகு, டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாயைச் சரியாக மூடினேனா என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். மூடியிருப்பேன். மூடியதை இன்னொரு நர்ஸ் சரிபார்த்தும் இருப்பாள். ஆனாலும் வார்டுக்குப் போன் செய்து கேட்பேன், கேட்டுவிட்டு வைத்ததும் மறுபடியும் பயம் வரும். கடைசியில் டாக்டரிடம் போனேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார், அது எனக்கு உதவியது. ஆனால் எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை மருந்துக்கடையில் அதை வாங்க முடியுமா? கடைக்காரருக்கு என் அப்பாவையும் தெரியும், சித்தப்பாவையும் தெரியும். சீட்டைப் பார்த்த சாயங்காலமே கோயில் வாசல் வரை செய்தி போய்விடும். அதனால் டாக்டரையும் மருந்துக்கடையையும் தூரத்தில் இருக்கிற கோலார் டவுனில் வைத்துக்கொண்டேன். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, திருடப் போகிறவளைப் போல பஸ் ஏறுவேன்.

அக்காவுக்கு என்ன என்பதை நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும் தெரியும், அவர் மருத்துவமனை லிஃப்டில் ஏறவே மாட்டார். ஐசியூ வரை படிக்கட்டுதான். "எங்கப்பா சுரங்கத்து கேஜ்ல நின்னுக்கினு பூமிக்குள்ள அவ்ளோ ஆழம் எறங்குனவரு. அவரு பொண்ணு லிஃப்டுக்கு பயப்படுறா பாரு" என்று அவரே கேலி செய்துகொள்வார். வார்டில் மட்டும் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. சிறு குழந்தைக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பு பிடிப்பார். அந்த ஐசியூதான் அவருக்கு எல்லாம். மருந்து சாப்பிடுகிறார் என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் ஐசியூவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலை, பங்காருபேட்டைக்குச் சற்று முன்னால் சிக்னலுக்காக ரயில் நின்றது. கூட்டம், புழுக்கம். அக்கா டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து, மூச்சு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்; குதிரை ஓட்டம். "செத்துருவேன் போலகீது பாப்பா" என்றார். எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாத்திரை போட்டீங்களாக்கா?"

"நிறுத்திட்டேன். ஸ்டாஃபுக்கு எல்லாம் செக்கப் வைக்கப் போறாங்களாமே. ரத்தத்துல தெரிஞ்சிடுமோன்னு நானே நிறுத்திட்டேன்." பிறகு என் பையைப் பார்த்து, மெதுவாக, "உன் தைராய்டு மாத்திரைல ஒண்ணு குடு" என்றார்.

அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தர மாட்டேன்கா" என்றேன். "டாக்டர் கிட்ட போலாம். வாங்க, எறங்கலாம்." இப்படிப்பட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. பங்காருபேட்டையில் இறங்கி கோலார் பஸ் பிடித்தோம். என் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளியதும் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "அரே, இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டீங்க?" என்றாள். ஊருக்குத் தெரியக் கூடாதென்று இருவரும் இத்தனை தூரம் வந்து ஒரே கதவைத்தான் தட்டியிருக்கிறோம். டாக்டர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கி வைத்தார். செக்கப்பைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். சாதாரணப் பரிசோதனையில் யாரும் அதைத் தேடுவதில்லையாம்.

இனி அக்காவும் நானும் மனம் விட்டுப் பேசிக்கொள்வோம் என்று ஆசைப்பட்டேன். மறுவாரம் அவர் வேலைக்குத் திரும்பிய காலை, சாம்பியன் ரீப்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் வேறு யாரோ இருந்தார்கள். நீலக் கரை எங்கும் இல்லை. விசாரித்ததில், "உங்கக்கா முன்பக்க பெட்டிக்கு போய்ட்டாங்க" என்றார்கள். அன்று நின்றுகொண்டே போனேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மருத்துவமனைப் படிக்கட்டில் எதிரே வந்தால் தலையசைப்பார், நிற்க மாட்டார். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. அவரைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். முன்பு சொல்லாமல் வைத்திருந்தாலும் பக்கத்தில் ஓர் உடம்பு இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகு யாருமே இல்லை. நெரிசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருகிற அத்தனை பெண்களுக்கு நடுவே அப்படியொரு தனிமையை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. இட்லி டப்பாவைத் திறக்காமலே பல நாள் திருப்பி எடுத்து வந்தேன்.

அக்கா வரும் நாளில் போய் அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று கோலாருக்குப் போவதையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் ஒரு நாள், மாத்திரை தீர்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல் போனேன். காத்திருப்பு அறையின் கோடியில் அக்கா உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று தயங்கினேன். அப்போதுதான் அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். நீலக் கரை. வரவேற்புப் பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்தம்மா எப்ப வந்தாலும் பக்கத்து சேர்ல அத போட்டுக்கினு ஒக்காருவாங்க. கூட ஆள் வருதுன்னு சொல்வாங்க. நீங்கதானா அது?"

அக்கா கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ட்ரெய்ன்ல உன்ன பாத்தா என் சீக்கு ஞாபகம் வருது பாப்பா. இங்க வந்து ஒக்காந்தா உன் ஞாபகம் வருது."

அதன் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ரயிலில் தனித்தனிப் பெட்டி, கோலாரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஐசியூவை விடாமலேதான் அக்கா ஓய்வு பெற்றார். மகளோடு ஓசூருக்குக் குடிபோவதற்கு முன்னால், கடைசியாகக் காத்திருந்த நாளில், கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு என் கையில் கொடுத்தார். போனில் எப்போதாவது பேசுகிறோம். உடம்பைப் பற்றிக் கேட்டால் தைராய்டு பரவாயில்லை என்கிறார்.

ரயிலில் நான் இப்போதும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறேன். கோலாருக்கு மட்டும் தவறாமல் போகிறேன். போன வாரமும் போனேன். வழக்கம்போல அதே கோடியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டேன். வராத ஆளுக்கு இடம் பிடிக்கிறோமே என்று எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. அறை நிறைந்துவிட்டது. துப்பட்டாவைக் கண் வரை சுற்றிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, கைக்குட்டையைத் தொடாமல், "யாருக்காச்சும் போட்டு வெச்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள். தங்க வயல் பேச்சு.

நான் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா, உனக்குதான். ஒக்காரு."