கேசட்டின் மறுபக்கத்தில் என் கேள்விகள்

1991-இல் எங்கள் கம்பெனியின் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாறியது. மின்சாரத் தட்டுப்பாடு என்று கம்பெனிக்கொரு நாளாகப் பிரித்துவிட்டார்கள். என்னோடு லைனில் இருந்த பெண்களுக்கு அதில் சந்தோஷம், புதன்கிழமை கடைத்தெருவில் கூட்டம் இருக்காதாம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மாலைதான் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கூட்டம் நடக்கும், இனி அந்த நேரத்தில் நான் ஷிப்டில் இருப்பேன். ஒரு டியூஷன் சென்டரின் கீற்றுக் கொட்டகைதான் இடம். டிவி மெக்கானிக்குகள், கம்பெனி எலக்ட்ரீஷியன்கள், என்னைப் போல சால்டரிங் செய்பவர்கள் வருவார்கள். யாராவது ஒருவர் ஒரு செட்டைப் பிரித்துப் போட்டுப் பேசுவார். பேசுகிறவருக்குக் காசு கிடையாது, டீ உண்டு. நானோ நாளெல்லாம் ஒரே மாதிரி டிவி போர்டுகளில் அதே நாலைந்து இடத்தில் ஈயம் வைப்பவள். அந்த இடமெல்லாம் எதற்கு என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. டெஸ்டிங் செக்‌ஷனுக்கு லைனிலிருந்தே ஆள் எடுக்கத் தேர்வு வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பழுதான செட் ஒன்றைக் கொடுத்து, கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கூட்டத்தை விட்டால் அதைச் சொல்லித்தர எனக்கு வேறு நாதி இல்லை.

ஆகவே கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, இனிமேல் பேசுவதையெல்லாம் டேப்பில் பதியுங்கள், பொதுப்பணத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்குங்கள் என்று கேட்டேன். கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பணம் நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கச் சேர்த்தது. மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர்தான் அதிகமாக எதிர்த்தார். மோட்டார் என்றால் புலி, டிவிக்குப் புதுசு. எல்லார் வீட்டிலும் கல்யாண கேசட் இருக்கிறதே, இரண்டாம் முறை யாராவது போட்டுக் கேட்டதுண்டா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. கடைசியில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வைத்திருந்த ஒருவர் ஒரு வாரம் தன்னுடையதில் பதிந்து பார்ப்பதாகவும், பிறகு முடிவு செய்யலாம் என்றும் சமாதானம் செய்தார். குன்றத்தூரிலிருந்து என் பஸ்ஸிலேயே வேறொரு கம்பெனிக்கு வருகிறவர் அவர்.

நான் போகாத முதல் கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை பஸ்ஸில் கேசட் கைக்கு வந்தது. புதன்கிழமை காலை, பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வீட்டில் போட்டுவிட்டு, பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம், டீ கிளாஸ் சத்தம், நடுவே பேசியவரின் குரல். "இத்தப் பாருங்க. இது இப்டி இருந்தா நல்லாகீதுன்னு அர்த்தம். இப்டி இருந்தா போச்சு." உடனே கொட்டகை முழுக்க "ஆமா, ஆமா" என்கிறது. எது? எப்படி? ஒன்றும் விளங்கவில்லை. கேசட் முழுக்க இதுவும் அதுவும்தான். கல்யாண கேசட்டே தேவலை, அதில் பாட்டாவது இருக்கும்.

ஆனால் விட மனசு வரவில்லை. மறுபடி போட்டுக் கேட்டேன். ஓரிடத்தில் அவர் பேச்சை நிறுத்துகிறார், 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு, "இப்போ கை வெக்கலாம்." அது என்ன சத்தம்? எதையாவது கீழே போட்டாரா? எத்தனை முறை கேட்டும் பிடிபடவில்லை.

கேசட்டைத் திருப்பிப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தி, என் கேள்விகளை வரிசையாகச் சொன்னேன். 'இது' என்றது கறுப்பாக இருப்பதா, நீளமாக இருப்பதா? போச்சு என்றால் உப்பியிருக்குமா, கருகியிருக்குமா? கை வைக்கலாம் என்பதற்கு முன்னால் கேட்டது என்ன சத்தம்? என் குரல் எனக்கே கொடூரமாக இருந்தது. வெட்கத்தோடுதான் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை டூ-இன்-ஒன்காரர் புதுக் கேசட்டோடு வந்தார். என் கேள்விகளைக் கூட்டத்தில் போட்டார்களாம். 'இது' எது என்பதில் கொட்டகைக்குள்ளேயே சண்டை வந்ததாம். ஆமா போட்டவர்களில் பாதிப் பேர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சத்தத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்களாம். மிச்சத்தை நீயே கேட்டுக்கோம்மா என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதன் வரை பொறுக்க முடியவில்லை, அன்றைக்கே ஷிப்ட் முடிந்து வந்ததும் போட்டேன்.

பேசியவர் சங்கடத்தோடு விளக்கினார். செட்டை ஆஃப் செய்த பிறகும் பெரிய கண்டென்சரில் கரண்ட் நிற்கும். கை வைப்பதற்கு முன் அதை இறக்கிவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இறக்கும்போது வரும் சத்தம் அது. வருஷக்கணக்கில் செய்து பழகியதால், செய்ததே அவருக்குத் தெரியவில்லை, அதனால் வாயில் வரவில்லை. தேர்வில் நான் நேராகக் கையைத்தான் விட்டிருப்பேன்.

பிறகு மண்ணூர் அண்ணனின் குரல்.

"போன வாரம் இங்கேர்ந்து போயி, வூட்டு செட்டத் தொறந்தேன். ஆஃப் பண்ணியாச்சேன்னு கை வெச்சேன். தூக்கிப் போட்டுச்சி. பேச்சு வரவே ரொம்ப நேரம் ஆச்சி. வெக்கமா இருந்துச்சி, யார்கிட்டயும் சொல்லல." யாரோ ஏதோ சொல்ல வந்தார். அவர் விடவில்லை. "நான் மொத வரிசையிலதான் உக்காந்துகினு இருந்தேன். எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. வராத பொண்ணுக்குக் கேட்டுகீது. மீட்டரு அப்பால பாத்துக்கலாம், டேப்ப வாங்குங்க."